குப்பி எண் நாற்பத்தொன்று

நான்கு வாரத்துக்கு ஒரு செவ்வாய்,
மிசிசிப்பியில், பருத்திக் காட்டின் நடுவே
ஒரு தேவாலயத்தின் பின்னறைதான் எங்கள் ஆய்வுக்கூடம்.
தராசை என் காரில் கொண்டு வருவேன்,
பின்னிருக்கையில் பெல்ட் மாட்டி,
பச்சைக் குழந்தையைப் போல.

என் வேலை எண்ணுவது.
நாளைக்கு நான்கு மிட்டாய்:
இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை.
பாதிப் பிள்ளைகளுக்கு
பதினேழு காய்கனிகளை வற்றவைத்து இடித்த தூள்.
மீதிப் பாதிக்கு வெறும் மாவும் சாயமும்.
எது யாருக்கு என்று எனக்குத் தெரியாது.
ஜாக்சன் நகரில் பூட்டிய ஓர் இழுப்பறைக்குத் தெரியும்.

டெமாரியஸுக்கு ஒன்பது வயது.
தராசில் ஏறுமுன் காலணியைக் கழற்றுவான்,
பிறகு காலுறையை,
பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து
என் கையில் கொடுப்பான்.
கடைசியாக மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டு
அசையாமல் நிற்பான்.
காற்றுக்கும் எடை உண்டென்று
வகுப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

குப்பியில் ஒட்டிய படம் பீட்ரூட்.
அதை அவன் இதயம் என்று நினைத்திருந்தான்.
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
முழு பீட்ரூட்டை அவன் எங்கே பார்த்திருப்பான்?
அவன் அம்மா ஷாமெக்கா முதல் நாளே சொன்னாள்:
"தக்காளிக்கு இருபத்தாறு மைல்.
சிப்ஸுக்குத் தெருவைக் கடந்தால் போதும்."
சன்னலுக்கு வெளியே சோயா,
அதற்கப்பால் பருத்தி, மறுபடி சோயா,
ஒரு பிடி வாயில் போட வழியில்லை.
கொழுத்த மண் என்று பெருமை பேசுவார்கள் இங்கே.
மண் கொழுத்தால் புகழ்.
பிள்ளை கொழுத்தால் ஆய்வு.

திரும்பி வரும் குப்பிகளில் எட்டு மிஞ்ச வேண்டும்.
எந்தப் பிள்ளைக்கும் எட்டு மிஞ்சியதில்லை.
ஒருத்தி அறுபதோடு வருவாள்,
ஒருவன் காலிக் குப்பியோடு,
ஒருமுறை உள்ளே ஒரு செத்த வண்டு இருந்தது.
நாற்பத்தொன்றில் மட்டும்
மூன்று தடவையும் எட்டு.
எட்டே எட்டு.

"நிஜமாகவே நீதான் தின்கிறாயா?"

சுவரோரம் நாற்காலியில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.
இரவெல்லாம் கெளுத்தி மீன் ஆலையில் தோலுரித்த கை
மடியில் மல்லாந்து கிடந்தது.
அவளைப் பார்த்தான், என் காதருகே வந்தான்.

"அவள் சாப்பாட்டு டப்பாவில் வைத்துவிடுவேன்.
தினம் நான்கு.
படியேறினால் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறாள்.
கடை மிட்டாய் என்று நினைத்துத் தின்கிறாள்,
சொல்லிவிடாதீர்கள்.
காசு ஏது என்று திட்டினாள்.
பரவாயில்லை."

அவள் விழித்ததும் கையில் பட்டையைச் சுற்றி
ரத்த அழுத்தம் பார்த்தேன்.
ஆய்வில் அதற்கு இடமில்லை.
வந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி நீட்டினேன்:
"இன்றே ஒரு டாக்டரைப் பார்."
வாங்கிப் படித்தாள்.
எந்த டாக்டர், எத்தனை மைல்,
என்று மட்டும் கேட்டாள்.

அவள் வண்டியைக் கிளப்பப் போன நேரத்தில்
படிவத்தை எடுத்தேன்.
உட்கொண்டவர்: பிள்ளை, பிறர்.
பிறர் என்ற கட்டத்தில் குறியிட்டேன்.
காரணம் எழுத ஒரு வரி.
இதயம் என்று எழுதி அடித்தேன்.
படத்தைத் தவறாகப் புரிந்துகொண்டான் என்று எழுதினேன்.
அதையும் அடிக்கத் தோன்றியது,
மூன்று நகல், அடிக்க முடியாது.
அவள் நெஞ்சுக்குள் இவ்வளவு நாள் போனது
பதினேழு தோட்டமா, வெறும் மாவா?
இழுப்பறைக்கே வெளிச்சம்.

கோலிக்குண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.
அன்று அவன் எடை
போன தடவையைவிட ஒரு பவுண்டு கூடுதல்.
கதவருகே போனவன் திரும்பி நின்று சொன்னான்:
மூச்சை இன்று முழுக்க விடவில்லை.